கலமும் கலகமும்

கம்ப்யூட்டர் தொழிலில் இருப்பவர்கள் எதற்கெல்லாம் சண்டையிட்டுக்கொள்கிறார்கள் என்று வெளியிலிருந்து ஒருவர் கணக்கெடுத்தால், புரோகிராம் எழுதும் பாணியைப் பற்றிய சச்சரவுகள் சத்தத்தில் பெரியவையாகவும் ஆயுளில் சிறியவையாகவும் இருப்பதையும், தகவலை எந்த அட்டவணையில், எந்தக் கலத்தில், எதற்குக் கீழே எதை வைத்துக் காப்பது என்பதைப் பற்றிய வாதங்கள் மெல்லிய குரலில் தொடங்கி வருஷக்கணக்கில் நீடித்து, வாதாடியவர்கள் வேலையை விட்டுப் போன பிறகும் அவர்கள் விட்டுச்சென்ற அட்டவணைகள் மூலமாகவே தொடர்ந்து நடப்பதையும் காண்பார். காரணம் வெளிப்படையானது. புரோகிராம் பிடிக்கவில்லையென்றால் ஒரு மாதத்தில் அதைக் களைந்துவிட்டுப் புதிதாக எழுதிவிடலாம். அட்டவணையோ, அதில் பதிவுகள் நிரம்பி, அதை நம்பிப் பத்து வேறு புரோகிராம்கள் ஓடத் தொடங்கிய பிறகு, வீட்டின் அஸ்திவாரம் போல் ஆகிவிடுகிறது.

இந்தச் சண்டைகளை வெறும் ரசனை வேற்றுமை என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எதிர்த்தரப்புக்குப் படிப்புப் போதவில்லை என்று தீர்ப்புச் சொல்லி முடித்துவிடுகிறவர்களும் உண்டு. இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. நன்றாகப் படித்த, அனுபவம் முதிர்ந்த இருவர் ஒரே விவகாரத்தைப் பார்த்து இரண்டு விதமாக அட்டவணை வகுக்கிறார்கள் என்றால், ஒவ்வொருவரும் தம் மனத்துக்குள் ஒரு கேள்வியாளரை உட்காரவைத்துக்கொண்டு, அந்த ஆளுக்குப் பதில் சிரமமில்லாமல் கிடைக்கும்படி வகுக்கிறார்கள் என்றே அர்த்தம். யாருடைய கேள்விக்கு உடனே விடை கிடைக்கும், யார் கால் கடுக்க நிற்கவேண்டியிருக்கும் என்பது அட்டவணை வகுத்த அன்றைக்கே நிர்ணயமாகிவிடுகிறது. கேட்க வருகிறவரோ பிறகுதான் வருகிறார்.

சந்திரனுக்கு மனிதனை அனுப்பிய அப்பல்லோ திட்டத்தில், ஒரு ராக்கெட்டுக்கு வேண்டிய எண்ணற்ற உதிரி பாகங்களைக் கணக்கு வைத்துக்கொள்வதற்காக 1960-களின் நடுப்பகுதியில் ஐ.பி.எம். நிறுவனம் உருவாக்கத் தொடங்கிய ஐ.எம்.எஸ். என்னும் தகவல் அமைப்பு, எல்லாவற்றையும் ஒரு மரமாக அடுக்கியது. ராக்கெட்டின் கீழே அதன் அடுக்குகள், அடுக்கின் கீழே எஞ்சின், எஞ்சினின் கீழே அதன் அங்கங்கள், அங்கங்களின் கீழே திருகும் மரையும். 'இந்த எஞ்சினில் என்னென்ன இருக்கின்றன' என்று கேட்கிறவருக்கு இதைவிட உகந்த ஏற்பாடு கிடையாது. ஆனால் ஒரு குறிப்பிட்ட ரகத் திருகில் பழுது இருப்பதாகத் தெரியவந்து, 'இது எங்கெங்கெல்லாம் போயிருக்கிறது' என்று ஒருவர் தலைகீழாகக் கேட்டுவிட்டாரானால், கிளை கிளையாக ஏறி இறங்கவேண்டியதுதான். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் இருந்த சார்லஸ் பாக்மன் இந்தச் சங்கடத்துக்கு இடமில்லாமல், ஒரே பதிவு பல சங்கிலிகளில் கோக்கப்படலாம் என்ற ஏற்பாட்டை அதற்கு முன்பே, 1960-களின் தொடக்கத்திலேயே, செய்துகாட்டினார். 1973-இல் டியூரிங் விருது பெற்றபோது அவர் ஆற்றிய உரையின் தலைப்பே புரோகிராம் எழுதுகிறவனை ஒரு மாலுமியாக வர்ணித்தது. சங்கிலிகளின் வழியே திசை அறிந்து கலம் செலுத்தி வேண்டிய பதிவை அடைவது அவன் தொழில், அவன் கௌரவம்.

எட்கர் கோட் இதை ஒப்பவில்லை. இங்கிலாந்தில் பிறந்து, இரண்டாம் உலக யுத்தத்தில் விமானம் ஓட்டி, கணிதம் படித்து, ஐ.பி.எம்.மில் சேர்ந்த இந்த மனிதர் 1970 ஜூனில் வெளியிட்ட ஒரு கட்டுரை, தகவல் யந்திரத்துக்குள் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதை அதைப் பயன்படுத்துகிறவன் அறிந்திருக்க வேண்டிய நிர்ப்பந்தம் இருக்கக்கூடாது என்ற கோரிக்கையோடு தொடங்கியது. அந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதன் கணிதச் சூத்திரங்கள் அல்ல. ஆரம்பத்தில் வரும் ஒரு சாதாரண உதாரணம். பாகங்கள் சில, திட்டங்கள் சில, எந்தப் பாகம் எந்தத் திட்டத்துக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்ற தகவல்: அவ்வளவுதான் விஷயம். இதைப் பாகத்தின் கீழே திட்டமாக அடுக்கலாம், திட்டத்தின் கீழே பாகமாக அடுக்கலாம், இரண்டையும் சமமாக வைத்து ஒதுக்கீட்டை மட்டும் ஒன்றின் கீழே தொங்கவிடலாம், மற்றதன் கீழே தொங்கவிடலாம், மூன்றையுமே சமமாகப் பரப்பி வைக்கலாம். ஆக ஐந்து விதம் என்று எடுத்துக்காட்டிவிட்டு, ஒரு திட்டத்துக்கு வேண்டிய பாகங்களைப் பட்டியலிடும் மிக எளிய புரோகிராமைக்கூட இந்த ஐந்தில் ஒன்றை நம்பி எழுதினால், மீதி நான்கில் குறைந்தது மூன்றிலாவது அது படுத்துவிடும் என்று அவர் சொல்லுகிறார். கேள்வி மாறவில்லை, உண்மையும் மாறவில்லை. அடுக்கு மாறியதனால் மட்டும் பதில் தவறிப்போகிறது. அட்டவணைகள் ஒன்றுக்கொன்று சமமாக, எந்தப் பாதையும் முன்கூட்டி வெட்டப்படாமல் இருக்கட்டும், பாதையை யந்திரமே தேடிக்கொள்ளட்டும் என்பது அவர் சித்தாந்தம்.

1974-ஆம் வருஷம் மே மாதம், மிச்சிகன் மாகாணத்து ஆன் ஆர்பர் நகரில் நடந்த ஒரு கூட்டத்தில் இரு தரப்பாரும் நேருக்கு நேர் வாதாடினார்கள். பாக்மனுடைய பக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அன்றைய யந்திரங்களின் வேகத்தில், வழி தெரிந்த மனிதன் செல்லும் பாதையை வழி தெரியாத யந்திரம் கண்டுபிடித்துச் செல்லும் என்பது வெறும் நம்பிக்கையாகவே இருந்தது. அதைப் பிரத்தியட்சமாக நிரூபிப்பதற்கு ஐ.பி.எம்.மின் சிஸ்டம் ஆர் குழுவும், பெர்க்லி சர்வகலாசாலையின் இங்ரெஸ் குழுவும் அந்தப் பத்தாண்டின் மிச்சத்தையெல்லாம் செலவிட வேண்டியிருந்தது. கோட் வென்றார், 1981-இல் அவருக்கும் அதே விருது கிடைத்தது, இன்று பெரும்பாலான இடங்களில் அட்டவணைகளின் ராஜ்யம்தான் என்பதெல்லாம் ஊரறிந்த கதை. நான் கவனிப்பது வேறொன்றை. பாக்மனின் மனத்தில் இருந்த கேள்வியாளர் பயிற்சி பெற்ற தொழில்காரர். தினமும் ஒரே துறைமுகத்துக்குப் போய்வருகிறவர். கோட் மனத்தில் இருந்தவரோ, இன்று யாருக்கும் தோன்றாத ஒரு கேள்வியோடு நாளைக்கு வந்து நிற்கப்போகிற ஓர் அதிகாரி. இந்த இருவரில் யாருக்காகக் கட்டுவது என்பதில்தான் அவர்கள் பிரிந்தார்கள்.

இந்த விவகாரம் நமக்கு அந்நியமானது என்று எண்ணவேண்டாம். 1908-ஆம் வருஷத்துப் பத்திரப் பதிவுச் சட்டம், அதாவது கோட் பிறப்பதற்குப் பதினைந்து வருஷங்களுக்கு முன் வந்த சட்டம், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகும் சொத்துப் பத்திரங்களுக்கு எழுதிக் கொடுத்தவர், வாங்கியவர் பெயர்களின்படி ஓர் அட்டவணையும், சொத்தின் விவரப்படி இன்னோர் அட்டவணையும் தனித்தனியே வைக்கச் சொல்லுகிறது. 'இந்த மனிதர் எதையெல்லாம் விற்றிருக்கிறார்' என்று கேட்பவரும் வருவார், 'இந்த நிலம் யார் யார் கை மாறியது' என்று வில்லங்கம் பார்ப்பவரும் வருவார் என்பதை அறிந்தவர்கள் எழுதிய சட்டம் அது. கிராமக் கணக்கிலும் அப்படியே. சிட்டா பட்டாதாரரின் வழியே நிலத்தைக் காட்டும். அ-பதிவேடு சர்வே எண்ணின் வழியே உடைமையைக் காட்டும். அடங்கலோ அதே சர்வே எண் வரிசையில், ஒவ்வொரு பசலி ஆண்டுக்கும் என்ன பயிர் ஏறியது என்பதைக் காட்டும். இந்தக் கணக்குகளை எழுதிய கர்ணம் ஒருவர், கோட் சொன்ன ஐந்து விதங்களில் இரண்டை ஒரே சமயத்தில் கையால் எழுதிக் காப்பாற்றிவந்தார் என்று சொன்னால் அது மிகையாகாது.

அதற்கு அவர் கொடுத்த விலையையும் பார்க்கவேண்டும். அண்ணன் தம்பி இருவர் பாகம் பிரித்துக்கொள்கிறார்கள். 112/3 என்றிருந்த நிலம் 112/3ஏ, 112/3பி என்று உட்பிரிவாகிறது. அ-பதிவேட்டில் ஒரு பதிவை அடித்துவிட்டு இரண்டு எழுதவேண்டும். சிட்டாவில் தகப்பனார் பெயரிலிருந்த பட்டாவில் விஸ்தீரணத்தையும் தீர்வையையும் குறைத்து, இரண்டு புதுப் பட்டாக்களில் ஏற்றவேண்டும். புலப்படத்தில் கோடு கிழிக்கவேண்டும். அடுத்த பசலி அடங்கலில் புது எண்கள் வரவேண்டும். இவற்றில் ஒன்றைச் செய்து ஒன்றை மறந்துவிட்டால், ஒரே கிராமத்தின் இரண்டு நோட்டுகள் இரண்டு உண்மைகளைச் சொல்லும். வருஷந்தோறும் ஜமாபந்தி என்று தாலுகா அலுவலகத்தில் கணக்கு நோட்டுகளையெல்லாம் கொண்டுவந்து வைத்து ஒத்துப்பார்க்கும் சம்பிரதாயத்துக்கு இருக்கும் பல காரணங்களுள் இது முக்கியமானது. வெளிப்பார்வைக்கு அரசாங்க விழாவாக இருந்தாலும், சாராம்சத்தில் அது அட்டவணைகளை ஒத்திசைக்கும் வேலை. 1980-இல் கர்ணம் முறை ஒழிந்து, பிறகு கணக்குகள் கம்ப்யூட்டரில் ஏறிய காலத்தில், கோட் கேட்ட வசதி கிராமத்துக்கும் வந்தது: உண்மை ஓரிடத்தில் இருக்க, சிட்டாவும் அ-பதிவேடும் அதைப் பார்க்கும் இரண்டு ஜன்னல்களாகிவிடலாம். ஆயினும் கிரயப் பத்திரம் பதிவுத்துறையிலும் பட்டா வருவாய்த்துறையிலும் இருக்கிற வரையில், நிலத்தை வாங்கியவர் பெயர் ஓரிடத்திலும் விற்றவர் பெயர் இன்னோரிடத்திலும் நெடுநாள் தங்கிவிடுவது சகஜமாகவே நடக்கிறது. அட்டவணைகளை இணைப்பதற்குக் கணிதம் உண்டு. இலாகாக்களை இணைப்பதற்கு அது போதாது.

ஓர் உண்மை ஓரிடத்தில் மட்டுமே எழுதப்படவேண்டும் என்ற விதியைத்தான் இத்தொழிலில் நார்மலைசேஷன் என்கிறார்கள். கோட் அதற்கு முதல், இரண்டாம், மூன்றாம் படிகளை வகுத்தார். பின்னால் வந்தவர்கள் நான்கு, ஐந்து என்று ஏற்றிக்கொண்டு போனார்கள். இதைப் படித்துவிட்டுப் புதிதாக வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு, இரண்டிடத்தில் ஒரே விஷயத்தைக் கண்டால் ஒன்றை அழித்துவிட வேண்டும் என்று கை துடிக்கும். வியாபார நிறுவனம் ஒன்றில் அப்படி ஒரு வாதத்தை அருகிலிருந்து கேட்டிருக்கிறேன். வாடிக்கையாளர் அட்டவணையில் முகவரி இருக்கிறது, ஒவ்வொரு பில்லிலும் அதே முகவரி மறுபடி எழுதப்பட்டிருக்கிறது, இது வீண், முகவரி மாறினால் ஆயிரம் இடத்தில் மாற்றவேண்டிவரும் என்பது இளைஞரின் கட்சி. கணக்குப் பிரிவில் நரைத்துப்போன ஒருவர் மட்டும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "தம்பி, மாறக்கூடாதுன்னுதான் அதை அங்கே எழுதி வெச்சிருக்கோம்" என்பதற்கு மேல் அவருக்கு விளக்கத் தெரியவில்லை.

ஆனால் அவர் சொன்னது சரி. கோயமுத்தூரில் இருந்த ஒரு வாடிக்கையாளருக்குத் தமிழ்நாட்டுக்குள்ளேயே சரக்கு அனுப்பி, ஜி.எஸ்.டி. சட்டப்படி மத்திய வரி, மாநில வரி என்று இரண்டாகப் பிரித்துப் பில் போட்டாகிவிட்டது. அடுத்த வருஷம் அவர் பெங்களூருக்குக் குடிபெயர்ந்துவிட்டார். வாடிக்கையாளர் அட்டவணையில் முகவரியையும் மாற்றிவிட்டார்கள். இப்போது தணிக்கைக்காகப் பழைய பில்லை அச்சிட்டால், பெங்களூர் விலாசமும் அதன் கீழே தமிழ்நாட்டு மாநில வரியும் சேர்ந்து வரும். அயல் மாநிலத்துக்கு ஒருங்கிணைந்த வரியல்லவா போட்டிருக்கவேண்டும் என்று தணிக்கையாளர் கேட்டால், பதில் சொல்ல முடியாது. ஏனென்றால் பதிலைத்தான் அழித்தாகிவிட்டதே. வாடிக்கையாளர் இப்போது இருக்கும் இடம் ஓர் உண்மை, பில் போட்ட அன்று சரக்குப் போன இடம் வேறோர் உண்மை. எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்ததனால் மட்டும் இரண்டும் ஒன்றாகிவிடா. கோடின் விதியை அந்த இளைஞர் மீறினார் என்றும் சொல்லமுடியாது, பின்பற்றினார் என்றும் சொல்லமுடியாது. எது ஓர் உண்மை என்பதை விதி சொல்லித்தராது, அதை நாம்தான் சொல்லவேண்டும். இந்தத் துறையின் வாதங்களில் பாதி இப்படிப்பட்டவை என்பது என் அபிப்பிராயம். ஐ.பி.எம்.மில் பணியாற்றிய வில்லியம் கென்ட் என்பவர், 'ஒரு பொருள்' என்றால் என்ன என்று நமக்கே தெரியாமல் நாம் கணக்கு வைத்துக்கொண்டிருக்கிறோம் என்பதை விளக்கி 1978-இல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். யந்திரம் பற்றிய புத்தகங்களில் பழசாகாத ஒன்றிரண்டில் அது ஒன்று.

இடையிலே ஒரு வார்த்தை. 2009 வாக்கில், மாங்கோடிபி முதலான புதிய தகவல் கிடங்குகள் வந்து, அட்டவணையே வேண்டாம், ஒரு ஆர்டருக்குள்ளே வாடிக்கையாளரையும் சரக்குகளையும் முகவரியையும் பொட்டலமாகக் கட்டி அப்படியே போட்டுவிடலாம் என்று சொன்னபோது, பழைய தலைமுறையினர் சிலர் ஐ.எம்.எஸ். மரம் மறுபடி முளைத்துவிட்டது என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் நியாயம் உண்டு; என்றாலும் ஒரே விதமான கேள்வி கோடி முறை வரும் இடத்தில் அந்தப் பொட்டலம் பெரிய சௌகரியம் என்பதை மறுப்பதற்கில்லை. வடிவமே தேவையில்லை என்று அவர்கள் விளம்பரம் செய்வதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். வடிவம் எங்கும் போய்விடவில்லை; ஓரிடத்தில் எழுதி எல்லாரும் பார்க்கும்படி இருந்தது, இப்போது நூறு புரோகிராம்களுக்குள் நூறு விதமாக ஒளிந்துகொண்டிருக்கிறது.

இனி அடையாள எண்ணைப் பற்றிய சண்டை. ஒவ்வொரு பதிவையும் பிறவற்றினின்று பிரித்தறிய ஓர் எண் வேண்டும். அந்த எண்ணுக்கு அர்த்தம் இருக்கவேண்டுமா, கூடாதா? அர்த்தம் வேண்டும் என்பவர்கள், கண்ணால் பார்த்ததும் விஷயம் புரிகிறதே என்பார்கள். இலங்கையின் பழைய தேசிய அடையாள அட்டை எண் இந்தக் கட்சிக்கு உன்னதமான உதாரணம். ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட அதில், முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருஷம். அடுத்த மூன்று அந்த வருஷத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாக இருந்தால் அதனோடு ஐந்நூறைக் கூட்டிக்கொள்ள வேண்டும். 65532 என்று ஓர் எண் ஆரம்பித்தால், 1965 பிப்ரவரி முதல் தேதி பிறந்த ஒரு பெண்மணி என்று யாழ்ப்பாணத்தில் எந்தக் கடை வாசலில் நிற்கிறவரும் சொல்லிவிடலாம். அவ்வாறு யாரும் சொல்லிவிடலாம் என்பதே அதன் குணமும் குற்றமும். பிறந்த தேதி தவறாகப் பதிவாகிப் பின்னர் திருத்தப்பட்டால் எண்ணே பொய்யாகிவிடும்; நூற்றாண்டு திரும்பியபோது இரண்டு இலக்க வருஷம் போதாமல் போயிற்று. 2016 முதல் வருஷத்தை நான்கு இலக்கமாக எழுதும் பன்னிரண்டு இலக்க எண்ணை அங்கே கொடுக்கிறார்கள். அர்த்தம் மட்டும் எண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

பாரத தேசத்தில் அதே 2016-இல் நிறைவேறிய ஆதார் சட்டம் எதிர்க்கட்சியை எடுத்துக்கொண்டது. ஆதார் எண் எதேச்சையான எண்ணாக இருக்கவேண்டும், அதை வைத்திருப்பவரின் குணவிசேஷங்களோடு அதற்கு எவ்விதச் சம்பந்தமும் இருக்கக்கூடாது என்று அது விதிக்கிறது. ஊர், ஜாதி, பிராயம், பால் எதையும் சொல்லாத பன்னிரண்டு இலக்கம். பொறியாளர்கள் காபி நேரத்தில் அடித்துக்கொள்ளும் ஒரு விஷயத்தில் பார்லிமெண்டு ஒரு பக்கம் சாய்ந்து சட்டம் இயற்றியது வேறெங்கேனும் உண்டோ என்று நான் வியப்பதுண்டு. ஆதார் எண் எங்கெங்கே கேட்கப்படுகிறது என்பதில் எனக்கு எத்தனையோ மனத்தாங்கல்கள் இருந்தாலும், எண்ணை வகுத்த விதத்தில் ஒன்றுமில்லை. உலகத்து எண்கள் நம்மைக் கேட்டுக்கொண்டு மாறுவதில்லை: புத்தகங்களின் ஐ.எஸ்.பி.என். எண் 2007 ஜனவரி முதல் தேதியன்று பத்து இலக்கத்திலிருந்து பதின்மூன்றாக மாறிற்று. மறு நில அளவையில் சர்வே எண்கள் மாறிப்போய், இன்றும் நம் கிரயப் பத்திரங்களில் 'பழைய சர்வே எண், புதிய சர்வே எண்' என்று இரண்டையும் எழுதவேண்டியிருக்கிறது. வெளியுலகத்து எண்ணைப் பிரைமரி கீயாக, அதாவது பதிவின் அடையாள எண்ணாக, வைத்தவர்களுக்கு அந்த மாற்றம் ஒவ்வொன்றும் ஒரு பெரிய கஷ்டம். தமக்குள் அர்த்தமில்லாத எண்ணை வைத்துக்கொண்டவர்களுக்கு ஒரு கலத்தைத் திருத்துவதோடு தீர்ந்தது.

எல்லாவற்றிலும் நுட்பமான சண்டை, ஒன்றும் எழுதப்படாத கலத்தைப் பற்றியது. வெற்றுக் கலத்துக்கு இத்தொழிலில் 'நல்' என்று பெயர். சம்பளம் இருபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் பட்டியலையும், இருபதாயிரமும் அதற்குக் குறைவும் வாங்குகிறவர்கள் பட்டியலையும் எடுத்துக் கூட்டினால், மொத்த ஊழியர்கள் வரவேண்டும் என்பது பள்ளிக்கூடத்துத் தர்க்கம். ஆனால் சம்பளக் கலம் வெறுமையாக உள்ளவர் இரண்டு பட்டியலிலும் வரமாட்டார். உண்டு, இல்லை என்ற இரண்டோடு 'தெரியாது' என்ற மூன்றாவது விடையையும் கோட் ஏற்றுக்கொண்டதன் விளைவு இது. அவருடைய நண்பரும் கூட்டாளியும், அவர் சித்தாந்தத்தை உலகெங்கும் பரப்பியவருமான கிறிஸ் டேட், இந்த விஷயத்தில் கடைசிவரை அவரோடு உடன்படவில்லை. வெற்றுக் கலம் என்பதே அட்டவணைக்குள் இருக்கலாகாது என்பது அவர் கட்சி. கோட் இறங்கி வரவில்லை என்பது மட்டுமல்ல, 1990-இல் எழுதிய புத்தகத்தில் வெறுமையை இரண்டாகப் பிரித்தார்: இருக்கவேண்டியது, ஆனால் தெரியவில்லை என்பது ஒன்று, இந்த மனிதருக்கு அந்த விஷயமே பொருந்தாது என்பது மற்றொன்று. நடைமுறைக்கு ஒவ்வாத நுணுக்கம் என்று பெரும்பாலோர் அதைக் கைவிட்டுவிட்டார்கள். அட்டவணைகளிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்.க்யூ.எல்.லில் இன்று இருப்பது ஒரே வகை வெறுமைதான்.

கைவிட்டது சரியல்ல என்று நான் கருதுவதற்குக் காரணம் நம்முடைய பெயர்கள். முத்துசாமி, அவர் மகன் மு. கண்ணன், அவர் மகன் க. அருண் என்று மூன்று தலைமுறை ஒரே வீட்டில் இருக்கிறது. இவர்களில் எந்த இருவருக்கும் பொதுவான குடும்பப் பெயர் ஒன்று கிடையாது. தமிழர்களில் மிகப் பலருடைய ஏற்பாடு இது; எழுத்தைப் பெயருக்கு முன்னால் வைத்துக்கொள்கிறோம், அது தகப்பனார் பெயர், கல்யாணத்துக்குப் பின் சில பெண்களுக்குக் கணவர் பெயர். இந்த வழக்கத்தை அறியாத எங்கோ ஓர் ஊரில் ஒருவர், முதல் பெயர் ஒரு கலம், கடைசிப் பெயர் ஒரு கலம், இரண்டும் நிரப்பப்பட்டே ஆகவேண்டும் என்று அட்டவணை வகுத்தார். அவர் தீயவர் அல்லர். அவர் மனத்திலிருந்த மனிதருக்குக் குடும்பப் பெயர் இருந்தது, அவ்வளவுதான். விளைவாக, கண்ணன் விமான நிலையத்தில் 'மிஸ்டர் முத்துசாமி' என்று அழைக்கப்பட்டு, வீட்டில் விட்டுவந்த தகப்பனாரை யார் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்க்கிறார். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் உடையவருக்கு அமெரிக்க விசாவில் 'எஃப்.என்.யூ.' என்று மூன்றெழுத்துப் பெயர் முளைக்கிறது. முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. தெரியவில்லையா? அவருக்கும் தெரியும், அவர் தாயாருக்கும் தெரியும், ஊருக்கே தெரியும். இரண்டாவது பெயர் என்ற ஒன்று அவருக்குப் பொருந்தாது என்பதுதான் உண்மை. கோட் கேட்ட இரண்டாவது வெறுமை இங்கே வேண்டியிருந்தது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு எமிரேட்ஸ், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. பின்பு, பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தகப்பனார் பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று தளர்த்தியது. இந்தோனேசியாவின் முதல் இரண்டு ஜனாதிபதிகளான சுகர்ணோவும் சுகார்த்தோவும் ஒற்றைப் பெயர்க்காரர்களே. அவர்கள் இன்று சாதாரணப் பிரஜைகளாகப் பயணம் புறப்பட்டிருந்தால் இதே கட்டத்தின் முன் நின்றிருப்பார்கள்.

அயலார் வகுத்ததை உடனே மாற்ற நம்மால் ஆகாது. ஆனால் சென்னையிலும் மதுரையிலும் கோவையிலும் நம்மவர்களே நம்மவர்களுக்காக வகுக்கும் பள்ளிச் சேர்க்கைப் படிவங்களிலும் ஆஸ்பத்திரிப் பதிவேடுகளிலும் அதே இரண்டு கலங்களைக் காண்கிறேன். ஏனென்றால் எடுத்துப் பயன்படுத்திய மாதிரியில் அப்படி இருந்தது, யாரும் சண்டை போடவில்லை. இந்த வேலையில் இருக்கிற வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: முழுப் பெயருக்கு ஒரே கலம் வையுங்கள், அவர் எப்படி எழுதுகிறாரோ அப்படியே. அவரை எப்படி அழைக்கவேண்டும் என்பதற்கு இன்னொரு கலம் வையுங்கள். தகப்பனார் பெயர் வேண்டுமென்றால் தகப்பனார் பெயர் என்றே கேளுங்கள். குடும்பப் பெயர் இல்லாமல் ஏற்கமாட்டேன் என்று ஏதாவது வெளிநாட்டு ஸ்தாபனம் நிர்ப்பந்தித்தால், அந்த ஸ்தாபனத்துக்கு அனுப்பும் தாளில் மட்டும் அதற்கு வேண்டியபடி எழுதி அனுப்புங்கள்; மூல அட்டவணையில் அதை ஏற்றாதீர்கள். 'எனக்கு இது கிடையாது' என்று குறிப்பதற்கு ஒரு கட்டமும் இருக்கட்டும். பதிவுகள் நிரம்புவதற்கு முன்னால் இதைச் செய்ய அரைநாள் போதும்.